தழை மாட்டுக்கா, மண்ணுக்கா?

நடவுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. வயலில் தக்கைப்பூண்டு இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது. தொழுவத்தில் பசு வெறும் வைக்கோலை மென்று கொண்டிருக்கிறது, பாலும் குறைந்துவிட்டது. "நாலு கட்டு அறுத்துப் போட்டால் மாடு பசியாறும்" என்கிறார் மனைவி. "அறுத்துவிட்டால் நெல்லுக்குக் கடன் வாங்கித்தான் யூரியா போட வேண்டும்" என்கிறார் கணவர். ஓரிரு ஏக்கரும் ஒன்றிரண்டு மாடும் உள்ள குடும்பங்களில் ஆண்டுதோறும் எழும் வழக்கு இது. இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் அறுக்கும் நேரத்தில் இதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. விதைக்கும்போதே மண்ணுக்கு எது, மாட்டுக்கு எது என்று பிரித்துக்கொண்டால்தான் இரண்டும் வயிறு நிறையும்.

பயறு வகைச் செடிகளின் தனிச் சிறப்பு

அவரை, பயறு, சணப்பு, அகத்தி, மசால் ஆகிய எல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் வேர்களில் சிறுசிறு முடிச்சுகள் இருக்கும். அவற்றில் குடியிருக்கும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர், காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. செடி அதற்குக் கைமாறாகச் சர்க்கரைச் சத்தைக் கொடுக்கிறது. இந்த உறவினால்தான் இச்செடிகளின் தழை மண்ணுக்கு உரமாகவும், மாட்டுக்குப் புரதம் மிகுந்த தீவனமாகவும் அமைகிறது. தழைச்சத்தும் புரதமும் வேறு வேறல்ல. மண்ணில் தழைச்சத்து என்று சொல்வதுதான் தழைக்குள் புரதமாக இருக்கிறது.

முடிச்சு இருந்தால் மட்டும் போதாது, அது வேலை செய்ய வேண்டும். விதைத்து ஒரு மாதம் ஆனதும் செடியை வேருடன் மண் உதிராமல் தோண்டி எடுத்து, முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்க்க வேண்டும். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. அந்த நிலத்தில் அப்பயிர் முன்பு வந்திராவிட்டால் இப்படி ஆவதுண்டு. அடுத்த முறை விதைக்கும்போது அப்பயிருக்கு உரிய ரைசோபியத்தை ஆறிய கஞ்சியில் குழைத்து, விதையில் கலந்து, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். தட்டைப்பயறுக்கு உரியது குதிரை மசாலுக்கு ஆகாது. எனவே வாங்கும்போது பயிரின் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

மணிச்சத்து இல்லாத மண்ணில் முடிச்சுகள் நன்றாக உருவாவதில்லை. ஆகவே நெல்லுக்கு என்று வாங்கும் சூப்பர் பாஸ்பேட்டில் ஒரு பகுதியைப் பசுந்தாள் பயிருக்கே இட்டுவிடலாம். அந்தச் சத்து வீணாவதில்லை. தழை அழுகும்போது நெல்லுக்குத் திரும்பி வந்துவிடும்.

மண்ணுக்கு உரியவை

தக்கைப்பூண்டு: தண்ணீர் தேங்கினாலும் தாங்கும். களர், உவர் நிலங்களிலும் வரும். களர் நிலத்தில் ஜிப்சம் இட்டு, தண்ணீர் கட்டி வடித்தபின் முதலில் விதைக்க ஏற்ற பயிர் இதுவே. ஏக்கருக்கு 20 கிலோ விதை வேண்டும். 45 முதல் 50 நாளில் மடக்கலாம்.

சணப்பு: வடிகால் உள்ள நிலத்துக்கு ஏற்றது. தண்ணீர் நின்றால் அழுகிவிடும். ஏக்கருக்கு 10 முதல் 14 கிலோ விதை போதும். விரைவாக வளர்ந்து களையை அமுக்கிவிடும்.

மணிலா அகத்தி: இதற்கு வேரில் மட்டுமின்றித் தண்டிலும் முடிச்சுகள் உண்டு. ஆகவே வேர் நீரில் மூழ்கியிருந்தாலும் தழைச்சத்தைச் சேர்க்கும் வேலை தொடரும். பகல் பொழுது குறுகிய மாதங்களில் விதைத்தால் வளராமலேயே பூத்துவிடும். கோடையிலும் ஆடிப் பட்டத்திலும் விதைப்பதே நல்லது.

கொழுஞ்சி: மெதுவாக வளரும், தழையும் மற்றவற்றைவிடக் குறைவு. ஆனால் இதற்கு இரண்டு நற்குணங்கள் உண்டு. மாடு இதைத் தொடாது, எனவே காவல் வேண்டாம். ஒருமுறை விதைத்துக் காய் உதிர விட்டால் அடுத்தடுத்த ஆண்டுகளில் தானாகவே முளைக்கும். ஒருபோகம் நெல் விளையும் இலேசான மண்ணில், அறுவடைக்குப் பிந்தைய ஈரத்தில் முளைத்து, கோடை முழுவதும் தாங்கி நிற்கும். விதைத்தோல் கடினமானது. மணலுடன் சேர்த்து உரலில் இலேசாக இடித்து விதைத்தால் முளைப்பு கூடும். ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ போதும்.

மடக்க வேண்டிய நாள்

பசுந்தாள் பயிரில் பலரும் செய்யும் தவறு, இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று விட்டுவைப்பதாகும். பூ எடுக்கத் தொடங்கும் சமயமே மடக்க ஏற்ற நாள். அதற்குப் பிறகு செடியின் எடை கூடினாலும் தண்டு நாராகிவிடும். முற்றிய தண்டை மடக்கினால், அதை அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். நட்ட பயிர் சில நாட்கள் வெளுத்து நிற்பது இதனால்தான்.

எனவே நடவுத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். மடக்கிய தழை அழுக ஒரு வாரம் முதல் பத்து நாள், செடி வளர 45 முதல் 50 நாள், ஆக இரண்டு மாதம். காவிரிப் பாசனப் பகுதியில் குறுவை இல்லாமல் சம்பா மட்டும் நடும் நிலத்தில் இந்த இரண்டு மாதம் தாராளமாகக் கிடைக்கும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. செப்டம்பர் முதல் வாரத்தில் நடவு என்றால் ஜூலை முதல் வாரத்தில் தக்கைப்பூண்டு விதைத்தாக வேண்டும். குறுவையும் தாளடியும் எடுக்கும் நிலத்தில் நடுவில் இடைவெளி இல்லை. அங்கு கோடையில் கிணற்று நீர் இருந்தால் விதைக்கலாம். இல்லையேல் வரப்பு மரங்களின் தழையைத்தான் நம்ப வேண்டும்.

மடக்கும்போது வயலில் சிறிதளவு தண்ணீர் நிறுத்தி, டிராக்டரில் கேஜ் வீல் அல்லது ரொட்டவேட்டர் பூட்டி உழுது, தழை முழுவதும் சேற்றில் அமிழும்படி செய்ய வேண்டும். மேலே தலைநீட்டி நிற்கும் தழை காய்ந்து வீணாகும். பிறகு தண்ணீரை வடித்துவிடாமல் காக்க வேண்டும். வடியும் நீருடன் சத்தும் போய்விடும்.

எத்தனை மூட்டை யூரியா?

பசுந்தாள் தழையில் ஏறக்குறைய நூற்றுக்கு அரைப் பங்கு தழைச்சத்து இருக்கிறது. அதாவது 1 டன் பச்சைத் தழையில் 5 கிலோ. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் அளந்து, அதற்குள் நிற்கும் செடிகளை அறுத்து எடை போட்டால் கணக்கு எளிதாகிவிடும். அதில் 1 கிலோ இருந்தால் ஏக்கருக்கு 4 டன். 2 கிலோ இருந்தால் 8 டன். வயலில் நாலு இடங்களில் இப்படிப் பார்த்துச் சராசரி எடுப்பது நல்லது.

4 டன் தழையில் 20 கிலோ தழைச்சத்து. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருப்பதும் ஏறக்குறைய இவ்வளவுதான். ஆயினும் தழையிலுள்ளது முழுவதும் முதல் போகத்துக்கே கிடைத்துவிடாது. ஒரு பகுதி மண்ணிலேயே தங்கிப் பின்னால் வரும். ஆகவே மடக்கிய உடனே யூரியாவை அடியோடு நிறுத்திவிட வேண்டாம். முதல் ஆண்டு மேலுரத்தில் ஏக்கருக்கு அரை மூட்டை குறைத்து, இலை வண்ண அட்டையை வைத்துப் பயிரின் பசுமையைப் பார்த்து, அதன்பின் மேலும் குறைப்பதா என்று முடிவு செய்யலாம்.

மாட்டுக்கு உரியவை

வைக்கோலில் புரதம் மிகக் குறைவு. வைக்கோலை மட்டும் தின்னும் மாடு வயிறு நிறைந்தும் பட்டினி கிடப்பது போலத்தான். மாட்டின் முதல் இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உள்ளன. வைக்கோலைச் செரிக்க வைப்பவை அவையே. அவற்றுக்கும் தழைச்சத்து வேண்டும். சிறிது பயறு வகைத் தழையைச் சேர்த்துக் கொடுத்தால் அந்த வைக்கோலே நன்றாகச் செரித்து உடம்பில் ஒட்டும்.

கறவைப் பசுவுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிலோ பசும்புல், 5 முதல் 7 கிலோ பயறு வகைத் தழை, 4 அல்லது 5 கிலோ வைக்கோல் என்பது பொதுவான அளவு. பசுந்தீவனத்தில் மூன்று பங்கு புல்லும் ஒரு பங்கு பயறு வகையும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

சிறு விவசாயிக்கு மிகவும் ஏற்றது வேலிமசால். ஒருமுறை விதைத்தால் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு அறுக்கலாம். முதல் அறுவடை 90 நாளில்; பிறகு 40 நாளைக்கு ஒருமுறை. தரையோடு ஒட்ட அறுக்காமல் முழங்கால் உயரம் விட்டு அறுத்தால் நன்றாகத் துளிர்க்கும். நல்ல பாசனத்தில் ஏக்கருக்கு ஆண்டில் 50 டன் வரை கிடைக்கும். அப்படியானால் 1 சென்ட் நிலத்தில் 500 கிலோ. ஒரு பசுவுக்கு நாளைக்கு 7 கிலோ வீதம் ஆண்டுக்கு வேண்டியது சுமார் இரண்டரை டன். 5 சென்ட் போதும். தண்ணீர் குறைவாக இருந்து விளைச்சல் பாதியானாலும் 10 சென்டில் அடங்கிவிடும்.

இந்த 5 சென்டை எட்டுப் பாத்திகளாகப் பிரித்து, ஒரு பாத்தியை ஐந்து நாளைக்கு அறுக்க வேண்டும். எட்டாம் பாத்தி முடியும்போது 40 நாள் ஆகிவிடும்; முதல் பாத்தி மீண்டும் அறுவடைக்கு வந்துவிடும். ஏக்கருக்கு 8 கிலோ விதை என்பதால் 5 சென்டுக்கு 400 கிராம் போதும். இதன் விதைத்தோலும் கடினமானது. மூன்று பங்கு கொதிநீரில் ஒரு பங்கு பச்சைத் தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய வேண்டிய சூடு கிடைக்கும். அதில் விதையை நான்கைந்து நிமிடம் போட்டு எடுத்து, இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, மறுநாள் ஒன்றரை அடி இடைவெளிப் பார்களில் விதைக்கலாம். தண்ணீர் தேங்கும் இடம் இதற்கு ஆகாது. வீட்டுக் கொல்லை, கிணற்று மேடு போன்ற மேட்டுப் பாங்கான இடமே நல்லது.

அவசரத்துக்கு ஏற்றது தீவனத் தட்டைப்பயறு. கோ 5 இரகம் 50 முதல் 55 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். தனியாக விதைத்தால் ஏக்கருக்கு 16 கிலோ விதை. தீவன மக்காச்சோளத்துடன் மூன்று வரிசைக்கு ஒரு வரிசையாகக் கலந்து விதைத்தால், புல்லும் பயறும் சரியான அளவில் ஒன்றாகவே கிடைத்துவிடும்.

வாய்க்கால் ஓரத்துக்கு அகத்தி நல்லது. வெற்றிலைக் கொடிக்கால்களில் கொடி படர அகத்தி நடுவது பழைய வழக்கம். அங்கு ஆட்டுக்கும் மாட்டுக்கும் தழை அதிலிருந்தே வருகிறது. ஆனால் அகத்தியை ஒரேயடியாக மொட்டை அடித்தால் பட்டுப்போகும். சில கிளைகளையாவது விட்டு ஒடிக்க வேண்டும்.

மானாவாரி நிலத்தில் நிலைமை வேறு. மழை குறைந்த இடத்தில் பசுந்தாள் பயிர் போட்டால், அடுத்த பயிருக்கு இருக்க வேண்டிய ஈரத்தை அது குடித்துவிடும். அங்கு மேய்ச்சலை வளமாக்குவதே வழி. காங்கேயம் பகுதியில் கிளுவை வேலி கட்டிய கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல் மரமும் சேர்ந்திருக்கின்றன. புல்லை மாடு மேய்கிறது. புரதம் மிகுந்த வெள்வேல் காயை ஆடு தின்கிறது. புல்லுடன் முயல் மசாலையும் விதைத்தால் மேய்ச்சலின் தரம் இன்னும் உயரும்.

மாட்டின் வழியாக மண்ணுக்கு

மாடு தின்றால் மண்ணுக்குப் போச்சு என்று எண்ணுவது முழு உண்மை அல்ல. மாடு தின்னும் தழைச்சத்தில் பாலுக்கும் உடம்புக்கும் போவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். மீதி சாணத்திலும் மூத்திரத்திலும் வெளியே வந்துவிடுகிறது. பயறு வகைத் தழை தின்னும் மாட்டின் மூத்திரத்தில் அது இன்னும் அதிகம். அப்படியானால் மாட்டுக்குப் போட்ட தழையும் மண்ணுக்குத் திரும்ப வேண்டும். திரும்பாததற்குக் காரணம் மாடு அல்ல, தொழுவம்.

சாணத்தை அள்ளிக் குப்பைக்குழியில் போடுகிறோம். மூத்திரத்தையோ மண் குடித்துவிடுகிறது, அல்லது சாக்கடையில் ஓடிவிடுகிறது. காலையில் தொழுவத்துக்குள் நுழைந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி வேறு எதுவுமல்ல, காற்றில் பறந்து போகும் உரமே. இதைத் தடுக்கப் பெருஞ்செலவு இல்லை. மாடு நிற்கும் இடத்தில் மாலையில் உலர்ந்த மண்ணையோ, மாடு கழித்த கூளத்தையோ பரப்பிவிட வேண்டும். காலையில் மூத்திரம் ஊறிய அந்த மண்ணையும் கூளத்தையும் சாணத்துடன் குழியில் சேர்க்க வேண்டும். தரை சிமெண்டாக இருந்தால் சரிவின் கடைசியில் ஒரு தொட்டி வைத்துப் பிடிக்கலாம். குழிக்கு நிழல் வேண்டும். நிறைந்ததும் மேலே மண் மூட வேண்டும்.

இப்படிச் செய்யும் வீட்டில், வீட்டை ஒட்டிய கொல்லையில் விளையும் தழையை மாட்டுக்குப் போடுவதே இலாபம். பாலும் கிடைக்கும், எருவும் கிடைக்கும். தொலைவில் உள்ள நஞ்சையிலோ, தழையை வீட்டுக்குச் சுமந்து, எருவை மீண்டும் வயலுக்குச் சுமப்பதற்குப் பதில் அங்கேயே மடக்குவதுதான் சிக்கனம்.

இரண்டுக்கும் ஆகும் பயிர்கள்

சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு நிற்கும் நெல்லுக்குள் உளுந்தும் பயறும் தெளிப்பது காவிரிப் பகுதியின் வழக்கம். காய் மனிதருக்கு, கொடியும் பொட்டும் மாட்டுக்கு, வேரும் உதிர்ந்த இலையும் மண்ணுக்கு என்று மூன்று வழியாகப் பங்கு பிரியும் பயிர் இது. கொடியைக் களத்தில் மழையில் நனைய விடாமல் உலர்த்திப் போர் போட்டால் கோடைக்கு நல்ல தீவனம்.

நரிப்பயறும் அப்படிப்பட்டதே. இளம் பருவத்தில் ஒருமுறை அறுத்தோ மேயவிட்டோ, மறுபடி துளிர்த்ததை மடக்கி உழலாம். தென்னந்தோப்பில் மழைக் காலத் தொடக்கத்தில் வட்டப் பாத்திகளில் சணப்பை விதைத்து மடக்கி, வரிசைகளின் நடுவே தட்டைப்பயறை வளர்த்து மாட்டுக்கு அறுக்கலாம்.

வரப்பில் கிளரிசிடியா போத்துகளை நட்டால் கிளைகளை ஒடித்து வயலில் போடலாம். முதலில் அதன் வாடைக்கு மாடு முகம் திருப்பும். ஓரிரவு வாடவிட்டு வேறு புல்லுடன் சிறிது சிறிதாகக் கலந்து கொடுத்தால் பழகிக்கொள்ளும்.

எச்சரிக்கை தேவை

பனி ஈரத்துடன் உள்ள இளம் குதிரை மசாலையோ தட்டைப்பயறையோ வெறும் வயிற்றில் நிறையத் தின்னும் மாட்டுக்கு வயிறு உப்பிவிடும். இடது பக்கம் மத்தளம் போல் வீங்கி, மூச்சுத் திணறி, சில மணி நேரத்தில் உயிர் போவதும் உண்டு. முதலில் வைக்கோல் போட்டு, அதன்பின் வாடிய தழையைக் கொடுத்தால் இந்த ஆபத்து பெரும்பாலும் இல்லை. உப்பல் கண்டால் கைமருந்தில் நேரம் போக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

சவுண்டல் எனப்படும் சூபாபுல் தழையில் மைமோசின் என்னும் நச்சுப் பொருள் உள்ளது. அதை மட்டுமே தொடர்ந்து போட்டால் முடி உதிரும். கழுத்துக் கழலை வரும். பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. சணப்பு விதை கால்நடைக்கு நஞ்சு. காய் பிடித்த சணப்பு வயலில் மாட்டை விடக்கூடாது. தட்டைப்பயறுடன் சோளத்தைக் கலந்து விதைத்தவர்கள், இளஞ்சோளத்திலும் வறட்சியில் வாடிய சோளத்திலும் நஞ்சு இருக்கும் என்பதை மறக்கக்கூடாது. பூத்த பிறகே அறுக்க வேண்டும். மருந்து தெளித்த பயற்றுக் கொடியை, அந்த மருந்துக்குரிய காத்திருப்பு நாள் கழியாமல் மாட்டுக்குப் போடக்கூடாது.

வழக்குக்கு முடிவு

தொடக்கத்தில் சொன்ன குடும்பத்தின் வழக்குக்கு வருவோம். நஞ்சையில் நிற்கும் தக்கைப்பூண்டு நெல்லுக்கே உரியது. அதைக் குறித்த நாளில் மடக்கிவிட வேண்டும். பசுவுக்காகக் கொல்லையில் 5 சென்ட் வேலிமசால், வாய்க்கால் ஓரம் பத்து அகத்தி, வரப்பில் கிளரிசிடியா. அறுவடைக்குப் பின் உளுந்துக் கொடி. தொழுவத்தில் நாள்தோறும் ஒரு கூடை உலர்ந்த மண். இதற்காக நெல் நிலத்தில் ஒரு குழி கூடக் குறைக்க வேண்டியதில்லை.

விதைக்கு ஆண்டுதோறும் கடையை எதிர்பார்க்கவும் வேண்டாம். தக்கைப்பூண்டை மடக்கும்போது வரப்போரம் ஒரு வரிசையை விட்டுவைத்தால் அதிலிருந்து விதை எடுத்துக்கொள்ளலாம். வேலிமசாலில் ஒரு பாத்தியின் ஓரத்தை அறுக்காமல் விட்டால் அதற்கும் விதை சேர்ந்துவிடும். முதல் விதைக்கு அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்திலும், கால்நடை மருந்தகத்திலும், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தீவனப் பயிர்த் துறையிலும் விசாரிக்கலாம்.

மண்ணைப் பட்டினி போட்டு மாட்டைக் காப்பாற்ற முடியாது; மாட்டைப் பட்டினி போட்டு மண்ணையும் காப்பாற்ற முடியாது. விதைக்கும் நாளிலேயே இரண்டுக்கும் பங்கு ஒதுக்கிவிட்டால், அறுக்கும் நாளில் வீட்டில் சச்சரவுக்கு இடமிராது.